ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம் ஒரு மைதானம் தருவீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பணம் கேட்டு இதை எழுதவில்லை. சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டுத் தாருங்கள் என்றும் கேட்கவில்லை, அது வரும்போது வரட்டும். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ சீமெந்து போட்ட ஒரு முற்றம், இல்லையென்றால் புல் அதிகம் வளராத ஒரு மைதானம், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, பெண்கள் சைக்கிள் பழகுவதற்கு வேண்டும். அவ்வளவுதான். நான்கு இடங்களில் கேட்டுப் பார்த்தேன், நான்கிலும் இல்லை என்றுவிட்டார்கள். அதனால்தான் உங்கள் பத்திரிகையைப் பிடித்திருக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். எங்கள் காலத்தில் அங்கே ஒரு பெண் பிள்ளைக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது என்றால் அவளுக்கு ஏதோ வருத்தமாக்கும் என்றுதான் சனம் நினைக்கும். பள்ளிக்கூடத்துக்கும் சைக்கிள், ரியூசனுக்கும் சைக்கிள், சங்கக்கடைக்கும் சைக்கிள். சேலை கட்டிய ரீச்சர்மார் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, முன் கூடையில் கொப்பிக் கட்டோடு மணி அடித்துக்கொண்டு பின்னால் வருவார்கள், சோடி சோடியாகக் கதைத்துக்கொண்டு போகிற நாங்கள் உடனே ஒற்றை வரிசையாகிவிடுவோம். 1990க்குப் பிறகு பெற்றோல் வராமல் போனபோது மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெய் குடித்து இருமி இருமி ஓடின. சைக்கிள் ஒன்றும் கேட்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 அன்று யுத்தத்தால் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்தபோது எங்கள் வீட்டுச் சைக்கிள்கள் இரண்டும் எங்களோடுதான் வந்தன, ஆனால் ஏறி ஓட இடமில்லை. ஒன்றின் கரியரில் அரிசி மூட்டையும் பாய்களும், மற்றதின் கரியரில் அப்பம்மா. இரவு முழுக்க உருட்டினோம்.

அடுத்த வருடம் கொழும்புக்கு வந்தேன், சைக்கிள் அதோடு நின்றுபோனது. ஒருவரும் தடுக்கவில்லை. "இஞ்ச ஆர் பொம்பிளையள் சைக்கிள் ஓடுறது?" என்று மாமி ஒரு தடவை கேட்டா, நானும் சுற்றிப் பார்த்தேன், ஒருவரையும் காணவில்லை, சரி என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டது இருபத்தாறு வருடம்.

2022 எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், அதுவும் இருந்தால். பிறகு எரிபொருளைப் பங்கிடக் கியூஆர் முறை வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர், ஆட்டோவுக்கு ஐந்து. ஆட்டோக்காரர் கேட்ட காசைக் கேட்டு நான் திரும்பி நடந்தே வந்த நாட்கள் உண்டு, அவரையும் குறை சொல்ல முடியாது, இரண்டு நாள் வரிசையில் நின்ற மனுசன். கடைகளில் சைக்கிள் விலை காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. கடைசியில் தெஹிவளையில் ஒரு வீட்டில் மகள் வெளிநாடு போய்விட்டா என்று விற்ற பழைய லேடீஸ் லுமாலா சைக்கிள் ஒன்றை வாங்கினேன், கூடை இருந்தது, செயின் கவர் இருந்தது, பின் டயர் மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. தொடர்மாடி வாசலில் ஏறி மிதித்தபோது மேலே பல்கனிகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. மாமி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள், "வாற வழியில கருவேப்பிலை வாங்கிக்கொண்டு வா" என்றா.

மூன்றாம் கிழமை, மேல்மாடியில் இருக்கிற பிள்ளை கதவைத் தட்டினா. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவ, வங்கியில் வேலை, வயது முப்பத்தெட்டு. "அன்ரி, எனக்கும் பழக்கி விடுவீங்களா?" என்று கேட்ட குரலில் ஏதோ களவு செய்யக் கேட்பது போல ஒரு கூச்சம். அதற்குப் பிறகு எங்கள் மாடியில் மூன்று வீட்டில் வேலை செய்கிற பெண், ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவ. மலையில் சைக்கிளுக்கு என்ன வேலை, பார்த்ததோடு சரி, தொட்டதே இல்லையாம். பிறகு எதிர் ஒழுங்கையில் இருக்கிற முஸ்லிம் சகோதரி, அபாயா போட்டு ஓடலாமா என்பதுதான் அவவுடைய முதல் கேள்வி. ஓடலாம், செயின் கவர் இருந்தால். இன்றைக்கு எண்ணிப் பார்த்தால் பதினொரு பேர் பழகிவிட்டார்கள். எல்லோரும் இருபத்தைந்துக்கு மேல், ஒருவருக்கு ஐம்பத்தாறு.

பழக்குவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள், ஏனென்றால் பெரிய ஆட்களுக்குச் சைக்கிள் வராது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். என் அப்பா எனக்குப் பழக்கிய மாதிரி நானும் கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடித்தான் தொடங்கினேன். மேல்மாடிப் பிள்ளை ஹாண்டிலை உடும்புப் பிடியாகப் பிடித்து, கண்ணை முன் சில்லிலேயே வைத்துக்கொண்டு, நான் கையை விட்டேனா விட்டேனா என்று கேட்டுக்கொண்டே சாய்ந்தா, பிடித்துக்கொண்டிருந்த நானும் சேர்ந்து விழுந்தேன். ஏழு வயதுப் பிள்ளையைப் பிடித்து ஓடுவதும் அறுபது கிலோ ஆளைப் பிடித்து ஓடுவதும் ஒன்றில்லை. அப்போது ஒட்டுப் போடுகிற கடை பாஸ்தான் சிரித்துக்கொண்டு சொன்னார், பெடலைக் கழற்றுங்கோ என்று.

அதுதான் வழி. பதினைந்தாம் நம்பர் சாவி ஒன்று போதும். வலப்பக்கப் பெடல் வழக்கம் போலக் கழரும், இடப்பக்கத்துக்கு மரை எதிர்ப்பக்கம், அதை மறந்துபோய் நான் அரை மணித்தியாலம் இறுக்கியிருக்கிறேன். கழற்றிய பிறகு சீற்றை நன்றாக இறக்கிவிட வேண்டும், இருந்தால் இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படவேண்டும். இப்போது அது சைக்கிளே இல்லை, சில்லு வைத்த ஒரு வாங்கு. விழுவதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த உடனே ஆட்களின் தோள் இறங்குவதைப் பார்க்கலாம். முதலில் நடப்பார்கள், பிறகு இரண்டு காலாலும் நிலத்தை உந்துவார்கள், உந்திவிட்டு ஒரு கணம் காலைத் தூக்குவார்கள், அந்த ஒரு கணம் இரண்டு, மூன்று என்று நீளும். சாய்கிற பக்கத்துக்கே ஹாண்டிலைத் திருப்பு, மதிலைப் பார்க்காதே, பார்க்கிற இடத்துக்குத்தான் சைக்கிள் போகும். நான் சொல்லிக் கொடுப்பது இவ்வளவுதான், மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்ளும். பத்து யார் தூரம் கால் படாமல் வழுக்கிப் போகத் தொடங்கினால் பெடலைப் பூட்டிவிடலாம். சிலருக்கு ஒரே காலையில் வந்துவிடும், சிலருக்கு மூன்று ஞாயிறு. ஹட்டன் பிள்ளைக்கு நான்கு. நாலாவது ஞாயிறு கால் இரண்டும் பெடலில் ஏறிச் சுற்றத் தொடங்கியபோது அவவுக்கு நிற்பாட்டத் தெரியவில்லை, "அக்கா, எப்புடிக்கா எறங்குறது?" என்று கத்திக்கொண்டே நாலு சுற்றுப் போனா. பிரேக் பிடிக்கப் பழக்காமல் விட்டது என் பிழை. இப்போது பெடல் பூட்டுவதற்கு முன்பே பிரேக்தான் முதல் பாடம்.

கிருலப்பனையில் இருந்து நடந்தும் பஸ்ஸிலுமாக வேலைக்கு வந்துகொண்டிருந்த ஹட்டன் பிள்ளை இப்போது சைக்கிளில் வருகிறா. மிச்சம் பிடிக்கிற காசை விட, பின்னேரம் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருவதற்கு முன்னம் வீட்டில் நிற்க முடிகிறதே என்பதுதான் அவவுக்குப் பெரிது.

இதை ஆண்கள் விளங்கிக்கொள்வது கொஞ்சம் கஷ்டம், குறையாகச் சொல்லவில்லை. ஆண் காலையில் ஒரு இடத்துக்குப் போவார், பின்னேரம் வருவார். எங்களுடைய போக்குவரத்து அப்படி இல்லை. பிள்ளையை ரியூசனில் விட்டு, சந்தையில் மீன் வாங்கி, அம்மாவுக்கு மருந்து எடுத்து, அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, திரும்பப் பிள்ளையை ஏற்றவேண்டும். எல்லாம் இரண்டு கிலோமீற்றருக்குள், ஆனால் ஐந்து நிறுத்தம். இந்தச் சுற்றுக்குப் பஸ் கிடையாது. ஆட்டோ என்றால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனிக் காசு, போக வர முந்நூறு, திரும்ப ஒருக்கால் முந்நூறு. நடந்தால் வெயிலில் பின்னேரமே போய்விடும். சைக்கிளில் முக்கால் மணித்தியாலம்.

பஸ் என்றதும் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், இலங்கையில் பஸ்ஸிலும் ரயிலிலும் பாலியல் தொந்தரவுக்கு ஆளான பெண்கள் 90 வீதம் என்று வந்தது. பொலிஸிடம் போனவர்கள் 4 வீதம். இந்தக் கணக்கைப் பார்த்து அதிர்ச்சி அடைந்த பெண் ஒருவரையும் எனக்குத் தெரியாது, மிச்சப் பத்து வீதம் யார் என்றுதான் நாங்கள் கேட்டோம். சைக்கிளில் போனால் சொல் கேட்க வேண்டி வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். "அன்ரி, காத்துப் போகுது" என்று சந்தியில் நிற்கிற பொடியன்கள் கத்துவார்கள்தான். ஆனால் கத்தி முடிப்பதற்குள் நான் அடுத்த ஒழுங்கையில் இருப்பேன். நெரிசலில் முதுகோடு ஒட்டி நிற்கிறவனிடமிருந்து அப்படிப் போக முடியுமா?

காலி வீதியில் எப்படி ஓடுவது என்று கேட்பார்கள். நான் காலி வீதியில் ஓடுவதில்லை, பழக்கிய ஆட்களையும் ஓடவேண்டாம் என்றுதான் சொல்லுகிறேன். 100ம் 101ம் இலக்க பஸ்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஹோல்ட்டுக்குள் வெட்டுகிற இடத்தில் எந்த வீரமும் வேண்டாம். வெள்ளவத்தை ஒழுங்கைகள் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே ஏணிப்படி மாதிரிக் கிடக்கின்றன, மெரைன் டிரைவில் இறங்கி வேண்டிய ஒழுங்கையில் ஏறினால் காலி வீதியைத் தொடாமலே கால்வாய்ப் பாலத்தால் பம்பலப்பிட்டிக்குப் போகலாம். கடக்க வேண்டி வந்தால் இறங்கி, பாதசாரிக் கடவையில் உருட்டிக்கொண்டு கடக்கவேண்டும். நிறுத்தியிருக்கிற கார்களின் கதவு திறக்கும், ஒரு கை நீளத்துக்கு மேலே தள்ளி ஓடவேண்டும். சல்வார் என்றால் துப்பட்டாவை முடிச்சுப் போட்டுவிட வேண்டும், சில்லுக்குள் போனால் கழுத்தைத்தான் இழுக்கும். பின்னேரம் ஆறுக்குப் பிறகு லைட் வேண்டும். மற்றதெல்லாம் பழக்கத்தில் வரும். எங்கள் சந்தியில் நிற்கிற பொலிஸ்காரர் ஆரம்பத்தில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், இப்போது "அக்கே, பரிஸ்ஸமென் யன்ன" (அக்கா, கவனமாகப் போங்கள்) என்று சிங்களத்தில் சொல்லி வாகனங்களை மறித்து விடுகிறார். பாதையில் சைக்கிள் ஓடுகிற ஆட்கள் கூடக் கூடத்தான் வாகனக்காரர்களுக்கும் கண் பழகும், தனிப் பாதை வந்த பிறகு பழகலாம் என்று இருந்தால் என் பேத்திதான் பழகுவாள்.

ஸ்கூட்டி வாங்கலாமே என்று சொல்லுகிறவர்களுக்கு, வாங்குங்கள், நல்லதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 இல் திரும்பத் திறக்கும் வரையில் பழைய ஸ்கூட்டிகூட ஏறின விலையில் எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற பிள்ளை எங்கே வாங்குவது? லைசன்ஸ், காப்புறுதி, வருடா வருடம் வரி வேறு. என்னிடம் பழகிய பதினொரு பேரில் இரண்டு பேர் ஸ்கூட்டிக்குப் போய்விட்டார்கள். சைக்கிளில் சமநிலை வந்தபடியால் ஸ்கூட்டியை இரண்டு நாளில் பிடித்துவிட்டார்கள்.

இப்போது இடத்துக்கு வருகிறேன். நாங்கள் பழகுவது மெரைன் டிரைவில், ஞாயிறு விடியப்புறம் ஐந்தரைக்கு. ஆறரைக்குப் பிறகு கார்கள் தொடங்கிவிடும். அதற்கு முன்னம் நாய்கள். மே மாதத்திலிருந்து சோளகக் காற்று கடல் பக்கத்தால் அடிக்கத் தொடங்கினால் புதிதாகப் பழகுகிறவளைப் பக்கவாட்டில் அப்படியே றோட்டு நடுவுக்குத் தள்ளும், வருடத்தில் நாலைந்து மாதம் இந்தக் கூத்துத்தான். முன் சில்லைத் திருப்பவே தடுமாறுகிற ஆளை வாகனம் வருகிற வீதியில் விடுவது பிழை என்று எனக்குத் தெரியும். வேறு இடம் இல்லை.

முதலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கேட்டேன். விழுந்து கையை முறித்தால் யார் பொறுப்பு என்றார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அதே மைதானத்தில் அன்றைக்குப் பிள்ளைகள் கடினப் பந்தில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது ஒரு கோயில், பின் வளவு ஞாயிறு காலையில் சும்மாதான் கிடக்கிறது, புனிதம் கெடும் என்று ஐயர் சொல்லவில்லை, நிர்வாக சபையில் ஒருவர்தான் சொன்னார், சொல்லிவிட்டு அதே வளவில் தன்னுடைய வானைக் கொண்டுவந்து நிறுத்தினார். மூன்றாவதாக ஒரு மண்டபம், வாகனத் தரிப்பிடத்துக்கு மட்டும் கலியாண வாடகையில் பாதி கேட்டார்கள். கடைசியாக எங்கள் சொந்தத் தொடர்மாடி. கீழே தரிப்பிடத்தில் பழகக்கூடாது என்று மட்டுமில்லை, சைக்கிள் நிறுத்தவும் கூடாது, அது கார்களுக்கான இடமாம், கடிதமே தந்தார்கள். என்னிடம் கார் இல்லை, என் வீட்டுக்கென்று ஒதுக்கிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. சைக்கிளை லிப்டில் நிமிர்த்தி வைத்து நான்காம் மாடிக்குக் கொண்டுபோகிறேன்.

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்தது வாசகர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அறிவொளி இயக்கம் எழுத்தறிவு வகுப்பு நடத்தப் போய், பெண்கள் வகுப்புக்கு வந்து போகவும் தங்கள் பாட்டில் நாலு இடம் போகவும் வேண்டும் என்று அதோடு சைக்கிளையும் சேர்த்துப் பழக்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பின்னால் நின்றார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் பழகினார்கள், வயலில் கூலி வேலை செய்கிறவர்கள், கல்லுடைக்கிறவர்கள், கிராமத்துத் தாதிகள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள், அதில் பார் இருக்கிறது, பிள்ளையை முன்னால் இருத்தலாம் என்று அதுவும் ஒரு வசதியாகிவிட்டது. பழகியவள் அடுத்தவளுக்குப் பழக்கினாள். எனக்கு அந்த லட்சத்தை விட இந்தக் கடைசி விசயம்தான் பிடித்திருக்கிறது, ஏனென்றால் எங்கள் பதினொரு பேரிலும் அதுதான் நடக்கிறது. மேல்மாடிப் பிள்ளை தன் வங்கியில் வேலை செய்கிற இரண்டு பேருக்கு இப்போது பழக்கிக்கொண்டிருக்கிறா. ஆனால் அங்கே பழக இடம் இருந்தது. கிராமத்து மைதானம், குளத்தங்கரை, பள்ளிக்கூட வளவு. கொழும்பில் எல்லாவற்றுக்கும் கேற்றும் செக்கியூரிட்டியும்.

கொழும்பு மாநகர சபைக்கு 2018 இல் ரோஸி சேனாநாயக்க, 2025 இல் விராய் கெலி பல்தசார் என்று இரண்டு பெண் மேயர்கள் வந்துவிட்டார்கள். சபையிடம் விளையாட்டு மைதானங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையேனும் ஞாயிறு காலையில் பெண்களுக்கென்று திறந்துவிட ஒரு கையெழுத்துப் போதும். மாநகர சபை வரை போகாமலே, இதை வாசிக்கிற அதிபரோ தர்மகர்த்தாவோ மண்டபக்காரரோ ஒருவர் மனம் வைத்தாலும் போதும். விழுந்தால் நாங்களே பொறுப்பு என்று எழுதித் தருகிறோம். முற்றத்தைக் கூட்டிவிட்டுத்தான் போவோம். ஆண்கள் வேடிக்கை பார்க்க வரக்கூடாது என்றெல்லாம் நாங்கள் சொல்லவில்லை, வந்தால் காற்றடிக்க உதவி செய்யட்டும்.

இடம் தர விரும்புகிறவர்கள் உங்கள் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதினால் எனக்கு அறிவித்து விடுங்கள், என் விலாசம் உங்களிடம் இருக்கிறது. எங்களிடம் இப்போது மூன்று சைக்கிள், ஒரு காற்றுப் பம்ப், இரண்டு பதினைந்தாம் நம்பர் சாவி இருக்கின்றன. காத்திருக்கிற பெண்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் என் மாமி, எண்பத்திரண்டு வயது. பழக இல்லையாம், பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்க்கவாம்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.